கலப்பையைத் தூக்கும் இடம்

அத்தியாயம் 17

புதன்கிழமை காலையில் நாகநாதன் குளித்துவிட்டு வந்து, தகரப் பெட்டியைத் திறந்து, மடிப்புக் கலையாத வேட்டி ஒன்றை எடுத்து உதறினான். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த அவன் மனைவி சௌந்தரநாயகிக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. வேட்டியின் கரையைப் பார்த்ததும் விளங்கிவிட்டது.

ஆளுங்கட்சிக் கரை.

பன்னிரண்டு வருடமாகச் செங்கொடிச் சங்கத்தின் புங்கவெளிக் கிளைச் செயலாளர் நாகநாதன். கல்யாணமான நாளிலிருந்து அவன் தோளில் சிவப்புத் துண்டைத் தவிர வேறொன்றை அவள் பார்த்ததில்லை. கூலி கேட்டுப் பண்ணை ஆட்களிடம் அடி வாங்கியபோதும் அந்தத் துண்டு தோளில் கிடந்தது. நாகப்பட்டினம் ஜெயிலிலிருந்து அவன் திரும்பி வந்தபோதும் கிடந்தது. அதைத் துவைத்துத் துவைத்தே அவள் கை காய்த்துப் போயிருந்தது.

இதுவரை நடந்ததை மறந்தவர்களுக்காகவும், இந்த வாரம்தான் பத்திரிகையைக் கையில் எடுத்தவர்களுக்காகவும் நாலு வரி சொல்லிவிடுகிறேன். சௌந்தரநாயகியின் அப்பா காலத்திலிருந்து அவள் பிறந்த வீட்டார் பண்ணையார் தியாகேசத்தின் ஆறு மா நிலத்தை, அதாவது இரண்டு ஏக்கரை, குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்து வருகிறார்கள். அப்பா போனபின் அண்ணன் காயாரோகணம். எழுத்தும் இல்லை, ரசீதும் இல்லை, எல்லாம் வாய்ச்சொல். இப்போது அரசாங்கம் ஒரு சட்டம் போட்டிருக்கிறது. உழுகிறவன் பெயரைப் பதிவேட்டில் ஏற்றிவிட்டால், பிறகு அவனை யாரும் நிலத்தைவிட்டுக் கிளப்ப முடியாது. காயாரோகணம் மனுப் போட்டான். ‘அது என் சொந்தப் பண்ணைச் சாகுபடி, இவன் யார்?’ என்று பண்ணையார் எதிர்மனுப் போட்டார். அதிகாரி வயலுக்கே வந்து விசாரிக்கும் நாள்தான் இந்தப் புதன்கிழமை.

காகிதம் இல்லாத இடத்தில் அண்டை வயல்காரன் சொல்தான் சாட்சி. அந்த ஆறு மாவுக்கு மேற்கே வாய்க்கால். வடக்கும் தெற்கும் பண்ணையாருடையவை. கிழக்கே ஒட்டிக் கிடக்கும் மூன்று மா கோயில் நிலத்தைச் சாகுபடி செய்கிறவன் நாகநாதன். ஆகவே அண்ணன் குடும்பத்தின் சோறு அவள் புருஷனின் ஒரு வார்த்தையில் இருந்தது.

“இது என்னங்க?” என்றாள்.

“வேட்டி.”

“வேட்டின்னு தெரியுது. யாரோடது?”

“கட்டப்போறது நானு. அப்ப என்னோடதுதான்.” அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் வேட்டியைச் சுற்றினான். “சாயங்காலம் கீழ்வேளூர்லே கூட்டம். ஒன்றியச் செயலாளர் முன்னாடி சேர்றேன். நான் மட்டும் இல்லே, நம்ம தெருவுலே பதினோரு பேரு.”

“சங்கத்துக்குத் தெரியுமா?”

“தெரிஞ்சா என்ன, தெரியாட்டி என்ன? பன்னெண்டு வருஷம் கொடி புடிச்சேன். முதுகுலே தழும்புதான் மிச்சம். தியாகேசத்தைப் பாரு. எலெக்‌ஷன் வரைக்கும் கதர். ஓட்டு எண்ணி முடிச்ச மறுநாளே கரை வேட்டி. அவருக்கு என்ன கொறஞ்சு போச்சு?”

“அவரு பண்ணையாரு. எதைக் கட்டினாலும் அவருக்கு நூறு வேலி நெலம் இருக்கு. நமக்கு என்ன இருக்கு?”

“அதைத்தான் நானும் சொல்றேன். அவரு இருக்கற கட்சியிலேயே நானும் இருந்தா, அவரு ஆளுங்க என்னை அடிக்க முடியுமா? அடிச்சா கட்சிக்காரனைக் கட்சிக்காரன் அடிச்ச மாதிரி ஆயிடும்ல?”

சொல்லிவிட்டுச் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

நாகநாதனை மட்டும் குறை சொல்லி என்ன செய்ய? எழுபத்தொன்றாம் வருஷத் தேர்தல் முடிந்த பதினைந்தே நாளில் கீழ்வேளூர் ஜவுளிக்கடைகளில் கரை வேட்டி தீர்ந்துபோய்க் கும்பகோணத்துக்கு ஆள் அனுப்பினார்கள். “யாரு எந்தக் கட்சிக்குப் போறாங்கன்னு பேப்பர்லே வர்றதுக்கு முந்தி என் கடை முழக்கோலுக்குத் தெரிஞ்சுபோவும்” என்று ஜெகபர் அலி பாய் சொல்லிச் சிரிப்பார். மேடையில் ஒருவரை ஒருவர் கிழித்தவர்கள் அவர் கடைப் பலகையில் அருகருகே உட்கார்ந்து ஒரே துணியைத் தடவிப் பார்த்துக்கொண்டிருப்பார்களாம். விலாங்கு மீன் பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டுமே, அந்த விலாங்கே வெட்கப்படுகிற காலம் அது.

“சரி. கட்சியை விடுங்க. இன்னிக்குச் சாட்சி?”

“என்ன சாட்சி?”

“அண்ணன் வயலு.”

நாகநாதன் துண்டைத் தேடினான். சிவப்புத் துண்டு கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. அதை எடுக்கவில்லை. வெறுந்தோளோடு செருப்பை மாட்டினான்.

“சொல்ல வேண்டியதைச் சொல்லுவேன்.”

“சொல்ல வேண்டியது வேற, நடந்தது வேறயா?”

அவன் படலைத் தள்ளிக்கொண்டு போய்விட்டான். கரைத்து வைத்த பழைய சோறு அப்படியே இருந்தது.

மகள் சுந்தரியிடம் அடுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, சௌந்தரநாயகி ஓட்டமும் நடையுமாக அண்ணன் வீட்டுக்குப் போனாள். ஒரே ஊரில் வாழ்க்கைப்பட்டதில் ஒரு சௌகரியம் உண்டு; பிறந்த வீட்டுக்கு ஆபத்து என்றால் பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டாம். வழியெல்லாம் ஒரே நினைப்புத்தான். அண்ணன் துடித்துப் போவான். அவனுக்கு எப்படிச் சொல்வது? வேறு சாட்சி யாரைப் பிடிப்பது? பண்ணையாரைப் பகைத்துக்கொண்டு இந்த ஊரில் வாய் திறக்க யார் இருக்கிறார்கள்?

காயாரோகணம் நடையில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான் அந்த வீட்டில் இட்லிப் பானை அடுப்பேறும். வேறொரு நாளாக இருந்தால் அவளுக்குச் சந்தேகம் தட்டியிருக்கும். இன்று கண்ணில் பட்டதே தவிர மனதில் ஏறவில்லை.

“அண்ணே, அவரு கட்சி மாறிட்டாரு. கரை வேட்டி கட்டிக்கிட்டுப் போறாரு. சாட்சி மாத்திச் சொல்லிடுவாரோன்னு பயமா இருக்கு.”

காயாரோகணம் இட்லியைச் சட்னியில் தொட்டான். “மாப்பிள்ளை கட்சி மாறினா மாறட்டும். கட்சி வேற, வயலு வேற.”

“இல்லேண்ணே, முகமே சரியில்லே. என்னை நிமிந்து பாக்கலை.”

“உக்காரு. ரெண்டு இட்லி தின்னு.”

“இட்லி தின்னவா வந்தேன்?”

அண்ணி ஒரு தம்ளரில் காப்பி கொண்டுவந்து நீட்டினாள். பால் விட்ட காப்பி. “குடி, சௌந்தரம். ராசு காலையிலேயே தஞ்சாவூர் போறான்னு சுட்டேன். புதுச் சட்டையெல்லாம் போட்டுக்கிட்டுப் போயிருக்கான்.” அவள் குரலில் இருந்த பூரிப்பைக் காயாரோகணம் ஒரு பார்வையில் நிறுத்தினான்.

“தஞ்சாவூர்லே என்ன வேலை? அப்பன் வயலுக்கு விசாரணை நடக்கறன்னிக்கு மவன் ஊர்லே இல்லாம?”

“அவன் இருந்து என்ன பண்ணப்போறான்? நீயும் வர வேணாம். ஆபீசருங்க, ஆம்பளைங்க நிக்கற எடம். பொம்பளைக்கு அங்க என்ன ஜோலி?”

கலங்கிப்போனவன் தைரியமாக இருப்பதுபோல் நடிக்கிறான் என்று அவள் எடுத்துக்கொண்டாள். அவளைச் சொல்லியும் குற்றமில்லை. தங்கச்சி மனசு அண்ணனைப் பார்க்கும்போது ஒரு கண்ணை மூடிக்கொண்டுதான் பார்க்கும். ‘பாவம், வாயில்லாப் பூச்சி’ என்று நினைத்தாள். அவனுக்காக வாய் திறக்க ஒருத்தி வேண்டும் என்று அந்த நிமிஷமே முடிவு பண்ணிவிட்டாள்.

வயலில் பத்து மணிக்கே வெயில் கொளுத்தியது. உளுந்து எடுத்து முடித்து, மண் பாளம்பாளமாக வெடித்துக் கிடந்தது. ஆற்றில் தண்ணீர் வர இன்னும் ஒரு மாதம் இருந்தது. வாய்க்கால் கரைப் பூவரச மரத்தடியில் பண்ணை வீட்டு நாற்காலி ஒன்றும் மேஜை ஒன்றும் போட்டிருந்தார்கள். பதிவு அதிகாரி முகம்மது யூசுப் நாற்காலியில் உட்கார்ந்து காகிதக் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார். ஒடிசலான மனிதர். பண்ணையிலிருந்து வந்த இளநீர் நாலும் வெட்டப்படாமல் நாற்காலிக் காலடியில் கிடந்தன. தான் கொண்டுவந்த கூஜாவிலிருந்து ஒரு வாய் குடித்துவிட்டு மூடி வைத்தார்.

“வணக்கம், வணக்கம்” என்று கைகூப்பிக்கொண்டே பண்ணையார் தியாகேசம் வந்தார். முன்பெல்லாம் ‘நமஸ்காரம்’தான் சொல்லுவார். இந்த மூன்று மாதத்தில் நமஸ்காரம் வணக்கமாகியிருந்தது. நெற்றியில் மூன்று விரல் பட்டையாக இருந்த திருநீறு ஒற்றைக் கீற்றாகச் சுருங்கியிருந்தது. அவருக்கு இரண்டடி பின்னால், அதே கரை வேட்டியில், நாகநாதன் நின்றான்.

சௌந்தரநாயகி இரண்டு வேட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். வரப்பில் நின்ற பெண்களோடு போய் நின்றுகொண்டாள். எதிர் வரப்பில் நின்ற காயாரோகணம் அவளைப் பார்த்து முகம் சுளித்தான்.

முதலில் பண்ணையாரின் ஆள் முருகையன். பண்ணையில் பிறந்து பண்ணையில் வளர்ந்தவன். எஜமான் தும்மினால் இவனுக்கு ஜலதோஷம் பிடிக்கும். “அஞ்சு வருஷமா இந்த ஆறு மாவையும் நான்தாங்க உழுவுறேன். பண்ணை மாடு, பண்ணைக் கலப்பை” என்று மனப்பாடம் ஒப்பித்தான். அடுத்து நாகநாதன்.

அதிகாரி காகிதத்தைப் பார்த்தார். “உங்களை மனுதாரர் பக்கச் சாட்சின்னு எழுதிக் குடுத்திருக்கே. சங்கத்துச் செயலாளர்தானே நீங்க?”

“போன வாரம் வரைக்குங்க.”

“எது போன வாரம் வரைக்கும்? சங்கமா, சாட்சியா?”

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். நாகநாதன் தொண்டையைக் கனைத்தான்.

“ரெண்டும்தாங்க.”

சிரிப்பு பெரிதாகியது. பண்ணையார்கூட மீசைக்குள் சிரித்தார். அதிகாரி சிரிக்கவில்லை.

“சரி, சொல்லுங்க. இந்த நெலத்தைச் சாகுபடி பண்றது யாரு?”

“எனக்குத் தெரிஞ்சு பண்ணைச் சாகுபடிதாங்க. காயாரோகணம் எப்பவாவது கூலிக்கு வந்து போவாரு.”

அதிகாரியின் பேனா அதை எழுதிக்கொண்டது. சௌந்தரநாயகிக்கு அழுகை வந்தது; அதைவிட வேகமாக ஆத்திரம் வந்தது. இந்த மனுஷனுக்காகவா சங்கராந்தி அன்றுகூட ஜெயில் வாசலில் சோற்று மூட்டையோடு நின்றோம் என்று நினைத்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வரப்பிலிருந்து வயலுக்குள் இறங்கினாள்.

“ஐயா, நான் ஒண்ணு சொல்லலாங்களா?”

“யாரும்மா நீ?”

“இப்பச் சாட்சி சொன்னாருல்ல, அவரு பொஞ்சாதி. மனுப் போட்டவரு தங்கச்சி.”

நாகநாதன், “ஏய், போ அங்கிட்டு” என்று பல்லைக் கடித்தான். அதிகாரி அவனைக் கையமர்த்தினார்.

“முருகையனை ஒரே ஒரு கேள்வி கேளுங்கய்யா. அஞ்சு வருஷமா உழுவுறாருல்ல? இந்த வயல்லே கலப்பையை எங்க தூக்குவாருன்னு கேளுங்க.”

அதிகாரிக்குக் கேள்வி பிடித்துவிட்டது என்று தோன்றியது. முருகையனைத் திரும்பிப் பார்த்தார். முருகையன் பண்ணையாரைப் பார்த்தான். பண்ணையார் முகத்தில் விடை இல்லை. அவர் ஜன்மத்தில் கலப்பையைத் தொட்டவர் இல்லை.

“தூக்கறதா? எதுக்குங்க தூக்கணும்? வெண்ணெ மாதிரி மண்ணு. இந்தக் கோடியிலே வச்சா அந்தக் கோடியிலேதான் எடுப்பேன்.”

உழுகிற சாதிசனம் அத்தனை பேரும் நின்ற இடம் அது. அந்தப் பதிலைக் கேட்டதும் சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். முதலில் குனிந்தவன் நாகநாதன். கல்யாணமான புதிதில் மச்சானுக்கு உதவியாக ஏர் ஓட்ட வந்து, கலப்பையின் இரும்புக் கொழுவை முறித்துக்கொண்டு ஊரே கேலி செய்யத் திரும்பிப் போனவன் அவன்.

சௌந்தரநாயகி வடகிழக்கு மூலைக்குப் போனாள். வரப்பில் குதிகாலை வைத்து, அடிக்கு அடி ஒட்டி, பதினெட்டு எண்ணினாள். நின்ற இடத்தில் காலால் ஒரு கோடு கீறினாள்.

“இங்க வெட்டச் சொல்லுங்க.”

அதிகாரியோடு வந்திருந்த தலையாரி மண்வெட்டியைப் போட்டான். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது வெட்டில் ‘ணங்’ என்று சத்தம் வந்தது. மண்ணைக் கையால் விலக்கினான். ஒரு சாண் ஆழத்தில், கறுத்து இரும்பாகிப்போன அடிமரம் ஒன்று தெரிந்தது. அதன் தலையில் குறுக்கும் நெடுக்குமாகக் கொழு கீறிய பழைய தழும்புகள்.

“அம்பத்திரெண்டு புயல்லே சாஞ்ச இலுப்பைங்க. மரத்தைப் பண்ணை அறுத்து எடுத்துக்கிட்டுப் போச்சு. அடிக்கட்டையை எங்கப்பா மூணு நாளு தோண்டிப் பாத்தாரு, வரலை. உழுவுறவன் இங்க வந்ததும் மாட்டை நிறுத்தி, கலப்பையைத் தூக்கி அந்தாண்ட வச்சுத்தான் ஓட்டணும். இல்லேன்னா கொழு போயிடும். அஞ்சு வருஷமா தூக்காம ஓட்டினவரு எத்தனை கொழு வாங்கினாருன்னு கேளுங்க.”

வரப்பில் பெண்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். முருகையன் வேர்த்து வழிந்தான். அதிகாரி எழுந்து வந்து, குனிந்து, அந்தத் தழும்புகளை விரலால் தடவிப் பார்த்தார். சௌந்தரநாயகிக்கு அந்த ஒரு நிமிஷம் உடம்பெல்லாம் சந்தோஷமாக இருந்தது. பிறந்த வீட்டுச் சோற்றைக் காப்பாற்றிவிட்டோம் என்று நினைத்தாள். அண்ணன் முகத்தைப் பார்க்கத் திரும்பினாள்.

அண்ணன் முகம் செத்துப்போயிருந்தது.

“காயாரோகணம், இங்க வாங்க” என்றார் அதிகாரி. “தங்கச்சி சொல்றது நெசமா?”

“நெசந்தாங்க. கட்டை அங்கதான் கெடக்கு.”

“அப்ப உழுதது நீங்க.”

“நான்தாங்க.”

“சாகுபடி உங்களுதுன்னு எழுதிக்கலாமா?”

காயாரோகணம் துண்டால் முகத்தைத் துடைத்தான். நெடுநேரம் துடைத்தான்.

“கூலிக்கு உழுதேங்க. சாகுபடி பண்ணையோடது. மனுவைத் திருப்பி வாங்கிக்கறேங்க.”

“அண்ணே!” என்று கத்தினாள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. நாகநாதன் விறுவிறுவென்று அவளிடம் வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்:

“கூத்தடிச்சது போதுமா? உங்கண்ணன்தான்டி முதல்லே எங்கிட்ட வந்தான். மனுவை விட்டுடறேன், ராசுவுக்கு ஒரு வேலை வாங்கிக் குடுன்னு. நான்தான் நடையா நடந்து பேசி முடிச்சேன். லஸ்கர் வேலை. மதகைத் தொறந்து மூடிக்கிட்டு மாசம் பொறந்தா சம்பளம். தஞ்சாவூருக்கு ஆர்டர் வாங்கத்தான் போயிருக்கான். கவர்மெண்டு வேலை பெரிசா, அடுத்தவன் ஆறு மா பெரிசா?”

“எங்கிட்ட ஏன் சொல்லலை?”

“சொன்னா இப்படித்தான் ஆடுவேன்னு தெரியும்.”

ஆக, எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. அண்ணனுக்கு, அண்ணிக்கு, புருஷனுக்கு, பண்ணையாருக்கு. ஊர் கூடிப் பேசி முடித்த ஒன்றை மறுபடியும் நடித்துக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள். இவள் ஒருத்திதான் அதை நிஜம் என்று நினைத்து நடுவில் போய் நின்றவள். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். ஆடியது அவள் சதைதான். கூடப்பிறந்தவனுடையது அசையக்கூட இல்லை.

பண்ணையார் மேல்துண்டால் விசிறிக்கொண்டார். “அப்ப முடிஞ்சுதுங்களா, ஐயா?”

“ஒரு நிமிஷம்” என்றார் அதிகாரி. அவர் இன்னும் அந்தக் குழியருகேதான் நின்றிருந்தார். “மனுவை வாங்கிக்கறது அவரு இஷ்டம். ஏம்மா, உன் பேரு என்ன?”

“சௌந்தரநாயகிங்க.”

“குத்தகை முதல்லே உங்க அப்பா பேர்லேதானே?”

“ஆமாங்க.”

“நீ இந்த வயல்லே எறங்கி வேலை பாத்திருக்கியா?”

“எட்டு வயசுலேருந்துங்க. நடவு, களை, அறுப்பு. கட்டிக்குடுத்த பிறகும் ஒரு வருஷம் தவறினதில்லே.”

வரப்பிலிருந்து ஒரு பெண் குரல், “நெசந்தாங்கய்யா, எங்களோடதான் நடுவா” என்றது. பண்ணையார் அந்தப் பக்கம் திரும்பினார். குரல் அதோடு நின்றுவிட்டது.

“குத்தகைக்காரர் செத்துப்போனா, அவரு வாரிசுலே யாரு ஒடம்பால உழைச்சுச் சாகுபடி பண்றாங்களோ அவங்களுக்கு உரிமை உண்டு. சட்டத்துலே மகனுக்கு மட்டும்தான்னு எழுதலை” என்றார் அதிகாரி. “அண்ணன் வேணாங்கறாரு. உன் பேர்லே மனு எழுதிக்கட்டுமா?”

“கட்டிக்குடுத்த பொண்ணுங்க அது!” பண்ணையாரின் குரல் அன்று முதல் தடவையாக உயர்ந்தது.

“நடவுக்கு வந்தப்ப அதைச் சொல்லித் திருப்பி அனுப்பினீங்களா?” என்று கேட்டுவிட்டு அதிகாரி சௌந்தரநாயகியைப் பார்த்தார்.

நாகநாதன் அவள் காதருகே வந்தான். “சௌந்தரம், வேணாம். சாயங்காலம் கூட்டம் இருக்கு. பதினோரு பேரைக் கூட்டிக்கிட்டுப் போறேன். என் வீட்டிலேயே எதிர்க்கட்சின்னா எவன் மதிப்பான்? எழுதினே, நம்ம வாசப்படி மிதிக்காதே. சுந்தரியையும் மறந்துடு.”

அவளுக்குப் பயமாக இருந்தது. சுந்தரியை அடுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். அவள் இந்நேரம் உலை வைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் எல்லாம் சரியாகிவிடும். புருஷன் பதவிக்கு வருவான். ராசு மதகில் உட்காருவான். அண்ணன் வீட்டில் அடிக்கடி இட்லி வேகும். முருகையன் அடுத்த மாதம் இந்த வயலில் ஏர் கட்டுவான். இனி அவனுக்குத் தூக்க வேண்டிய இடம் தெரியும். அதையும் அவளேதான் காட்டிக்கொடுத்திருக்கிறாள்.

அந்த நினைப்புத்தான் அவளுக்குத் தாங்கவில்லை.

“எழுதிக்கங்கய்யா” என்றாள்.

கைநாட்டு வைக்கச் சொல்லி மைப்பெட்டியை நீட்டினார் ஊர்க் கணக்கெழுதும் கர்ணம். அவள் அதைத் தள்ளிவிட்டுப் பேனாவை வாங்கி, ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதினாள். சங்கத்து இரவுப் பள்ளியில் அவளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவன் நாகநாதன்தான்.

அடுத்த கணம் காயாரோகணம் பாய்ந்து வந்தான். காலையிலிருந்து யாரிடமும் உயராத குரல், பண்ணையார் முன்னால் இருபது வருடமாக உயராத குரல், தங்கச்சி மீது வெடித்தது.

“எம்புள்ளை வேலையிலே மண்ணைப் போட்டியேடி பாவி! அப்பன் நெலம்னதும் பங்குக்கு வந்துட்டியா? கூடப் பொறந்தவளா நீ? நேத்து வரைக்கும் என் பக்கம் நின்னுட்டு, இன்னிக்குக் கட்சி மாறிட்டியே!”

“நான் மாறினேனா, அண்ணே?” என்றாள் அவள். புருஷன் பின்னாலேயே வயலுக்கு வந்திருந்த அண்ணி மண்ணை வாரித் தூற்றினாள். வரப்பில் நின்ற பெண்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள்.

அதிகாரி காகிதங்களைக் கட்டி வைப்பதற்கு முன், விதிப்படி கேட்க வேண்டியதைக் கேட்டார்: “இந்த மனுவுக்கு ஆட்சேபணை உள்ளவங்க இப்பவே எழுதிக் குடுக்கலாம். முப்பது நாள்லே மறு விசாரணை.”

எல்லாரும் பண்ணையாரைப் பார்த்தார்கள். அவர் துண்டால் விசிறிக்கொண்டு வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காயாரோகணம் மேஜைக்குப் போனான். இடது கைப் பெருவிரலை மையில் அழுத்தி, ஆட்சேபணைக் காகிதத்தில் வைத்தான். அவன் நகர்ந்ததும் நாகநாதன் வந்தான். புது வேட்டியில் மை படாமல் ஒரு கையால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, காயாரோகணத்தின் ரேகைக்குக் கீழே, தெளிவான எழுத்தில் கையெழுத்துப் போட்டான்.

பண்ணையார் எல்லாருக்கும் பொதுவாக ஒரு வணக்கம் போட்டுவிட்டு நடந்தார். அவர் எழுத வேண்டியது எதுவும் மிச்சமில்லை.